எம்டன் மூழ்கடித்த மாப்பிள்ளை

தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த டீக்கடைக்காரரிடம் உங்க மாமனாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீங்க, "மனுஷன் சரியான எம்டன்" என்று. காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீங்க. ரயில் வருகிறவரைக்கும் இந்த மாயவரம் ஜங்ஷனில் காதுக்கு வேறென்ன வேலை. ஒரே ஒரு சங்கதி கேட்கிறேன். எம்டனை நீங்க பார்த்திருக்கீங்களா?

எங்கே பார்த்திருக்கப் போறீங்க. அந்த முதல் ஜெர்மன் சண்டையின்போது உங்க அப்பாவுக்கே மீசை முளைத்திருக்காது. நான் பார்த்தேன். அதோ, அந்தக் கைகாட்டி மரம் நிற்கிற தூரத்தில் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், உங்க மாமனாரைக் கண்டபடி உயர்த்திப் பேசாதீங்க. எம்டன் மரியாதை தெரிந்த கப்பல். எங்க கப்பலை மூழ்கடிக்கிறதுக்கு முன்னால் ஆளை அனுப்பி, எல்லாரும் இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னது. உங்க மாமனார் அப்படிச் சொல்லிவிட்டா உங்களைத் திட்ட ஆரம்பிக்கிறார்?

சிரிங்க, சிரிங்க. சிரித்தால்தான் கதை சொல்ல வரும்.

அதோ, தண்ணீர்க் குழாய்கிட்டே ஒரு அம்மா கூஜாவைக் கழுவிக்கொண்டிருக்கு பாருங்க, பச்சைச் சேலை. அதுதான் என் சம்சாரம். தையல்நாயகி என்று பேர். தஞ்சாவூரிலிருந்து மகள் வருகிறாள், கூட்டிப்போக வந்திருக்கிறோம். எனக்குப் பெண்டாட்டி இவள் ஒருத்திதான். ஆனால் தாலி கட்டினது இரண்டு தடவை. முதல் தடவை கட்டினதில் ஒரு கஷ்டமும் இல்லை. இரண்டாவது தடவை கட்ட அவள் என்னைப் படுத்தின பாடு இருக்கிறதே, அதுதான் நாற்பது வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிற குறை. மெதுவாகவே சொல்கிறேன். அவளுக்குப் பாம்புக் காது.

எனக்குத் தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் குப்பம். அப்பன் ஆத்தாள் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். ஆத்தாளோடு பிறந்த மாமன் ஆறுமுகம்தான் என்னை வளர்த்தார், அவர் மகள் தையலையும் எனக்கே கட்டிவைத்தார். கட்டின மறு வருஷம் நான் மதராசுக்குப் போய்க் கப்பலில் ஏறிவிட்டேன். ஏன் என்று கேளுங்க. கட்டுமரம் என்றால் நாலு கட்டை. அலை வந்தால் ஆடும். கப்பல் அப்படியில்லை, மெத்தை வீடு மாதிரி, அசையாது என்றார்கள். அந்த மெத்தை வீடுதான் மூழ்கினது.

எங்க கப்பலின் பேர் இங்கிலீஷில் என்னவோ. எங்க வாயில் நுழையாது. நாங்கள் "கிழவி" என்போம். அவ்வளவு இருமுவாள். நான் அடியில் கரி அள்ளிப் போடுகிற ஆள். கல்கத்தாவில் சணல் ஏற்றிக்கொண்டு வெளியே வந்த மறுநாள், ஜெர்மன்காரன் குறுக்கே வந்து நின்றான். அவன் ஆட்கள் படகில் வந்து ஏறினார்கள். ஒரு ஆபீசர், வெள்ளை உடுப்பு, சலாம்கூட வைத்தார். சாமானை எடுத்துக்கொண்டு இறங்குங்கள் என்று மேலே எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். சமையல்காரன் தன் ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கினான் என்றால் பாருங்க, எவ்வளவு நிதானமாக விட்டிருப்பார்கள்.

அடியில் இருந்த எனக்குச் சொல்லத்தான் எல்லாரும் மறந்துவிட்டார்கள். இஞ்சின் நின்றுவிட்டதே என்று மேலே வந்து பார்க்கிறேன், கடைசிப் படகு விலகிக்கொண்டிருக்கிறது. குதித்தேன். படகுக்கும் கப்பலுக்கும் நடுவே விழுந்தேன். கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் இருந்தேன். கொஞ்ச நேரம்தான். கப்பலுடைய அடிவயிறு இருக்கிறதே, அதை யாரும் பார்க்க மாட்டார்கள். பச்சையாக, பாசி பிடித்து, தலைக்கு மேலே ஒரு முடிவில்லாமல். சரி, அதை விடுங்க. அதில் சொல்ல ஒன்றுமில்லை. மேலே வந்துவிட்டேன், இழுத்துப் போட்டார்கள். அப்புறம் கிழவி போனாள். வேறொரு கப்பலில் எங்களையெல்லாம் ஏற்றிக் கல்கத்தாவுக்கே திருப்பி அனுப்பினான் அந்த ஜெர்மன்காரன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் சொன்னேனே, மரியாதைக்காரன்.

கல்கத்தாவில் எங்களுக்கு நடந்த உபசாரத்தைச் சொன்னால் நம்பமாட்டீங்க. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்குக்காரர் சோற்றுக்கடை வைத்திருந்தார். எம்டனைப் பார்த்த ஆள் என்று சொன்னால் போதும், இலை போடுவார். நான் கதை சொல்வேன், கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் அவருக்கு வியாபாரம், எனக்குச் சாப்பாடு. சொல்லச் சொல்லப் பீரங்கி பெரிசாகிக்கொண்டே போனது, அது என் குற்றம் இல்லை, கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால் அப்படி வருகிறது.

ஊருக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீங்க. போகத்தான் பார்த்தேன். கப்பல் ஆபீசில் மதராசுக்குச் சும்மா ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். முதல் தடவை ஏணிகிட்டே போனேன், ஒரு பூனை குறுக்கே போனது. நான் சகுனம் பார்க்கிற ஆள். அடுத்த தடவை வயிற்றுவலி. அதற்கும் அடுத்த தடவை அந்தக் கப்பலுடைய புகைபோக்கியே கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. இப்படியே மாசம் ஓடிவிட்டது. கடைசியில் ரயிலிலேயே வந்தேன். ரயில் நல்ல வண்டி. பக்கத்தில் தண்ணீரே இருக்காது.

ஊருக்குத் தகவல் சொல்லவில்லையா? அதைத்தான் அவளும் கேட்டாள். நேரில் வரத்தானே போகிறோம், அதற்குள் என்ன தகவல் என்று இருந்துவிட்டேன்.

சித்திரை மாசம், நல்ல வெயிலில் குப்பத்துக்குள் நடந்து வருகிறேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் மணலில் கருவாடு மட்டும்தான் இருக்கிறது, காக்காய்க்கு நல்ல வேட்டை. எங்க ஊர்த் தலைவருக்கு நாட்டார் என்று பேர், அப்போது சோலையப்ப நாட்டார். அவர் தூரத்தில் நின்றுகொண்டு என் காலையே பார்க்கிறார். பேய்க்குக் கால் தரையில் பாவாது இல்லையா.

"கால் இருக்குது மாமா, பயப்படாதீங்க" என்றேன்.

"கால் இருக்கட்டும்டா. நீ காத்தலிங்கமா, செத்துப்போன காத்தலிங்கமா, அதைச் சொல்லு" என்றார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கப்பல் மூழ்கிவிட்டது என்கிற சேதி மட்டும் ஊருக்கு வந்திருக்கிறது. ஆள் பிழைத்த சேதி வரவில்லை. கார்த்திகை போய் மார்கழி போய், தை அமாவாசை அன்றைக்குத் தருப்பைப் புல்லில் ஒரு பொம்மை செய்து, அதுதான் நான் என்று கொளுத்திக் காரியம் பண்ணிவிட்டார்கள். காரியம் பண்ணாமல் விட்டால் செத்தவன் ஆவி வலையில் வந்து உட்காருமாம், மீன் விழாதாம். ஆறு மாசம்கூடப் பொறுக்கவில்லை பாருங்க. அந்தப் பொம்மையாவது என் உயரத்துக்குச் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை, புல் தட்டுப்பாடாம்.

நாட்டாரிடம் கல்கத்தாச் சோற்றுக்கடை வரைக்கும் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சேதி கேட்டுத் தையல் வந்தாள். மீன் விற்றுவிட்டு வருகிறாள், கையில் காலிக் கூடை. கழுத்தில் ஒன்றும் இல்லை, கையில் வளையல் இல்லை. மற்றவர்கள் மாதிரி அவள் என் காலைப் பார்க்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தாள். ஓடிவந்து அழுவாள், நாம் தேற்ற வேண்டும் என்று நான் தயாராக நின்றேன்.

"கல்கத்தாவுல தபாலாபீசு இல்லியா?" என்றாள்.

"எனக்கு எழுத வராதே தையலு."

"பேச வருமே. எழுதத் தெரிஞ்சவன் ஒருத்தன்கிட்ட வாயைத் திறக்கிறது."

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"தினம் காக்காய்க்குச் சோறு வச்சேன்யா. அதுல ஒண்ணு நொண்டிக் காக்கா. நீதான் கால் ஒடிஞ்சு வந்திருக்கேன்னு நெனச்சு அதுக்கு மட்டும் ரெண்டு உருண்டை வச்சேன். நீ கல்கத்தாவுல இலை போட்டுத் தின்னிருக்கே" என்றாள். சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு அவள் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

உயிரோடு திரும்பி வந்தவனுக்கு இதுதானா வரவேற்பு? நீங்களே சொல்லுங்க.

சரி, பொம்பளைக் கோபம், இரண்டு நாளில் தணியும் என்று விட்டேன். ஊர்தான் பெரிய தொந்தரவாகிவிட்டது. காரியம் முடிந்த ஆள் வலையைத் தொடக் கூடாது, வீட்டுக்குள் நுழையக் கூடாது. நாவிதர் சவரம் பண்ண மாட்டேன் என்கிறார், செத்தவனுக்குக் கடைசியாகச் செய்தாகிவிட்டதாம். சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன், சோறு தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் சத்தம் போட்டேன். "நான் செத்தவனா, இருக்கிறவனா, பஞ்சாயத்தைக் கூட்டி ஒரு முடிவு சொல்லுங்க" என்றேன். நானாகப் போய் வாங்கிக்கொண்ட வினை தம்பி அது.

பஞ்சாயத்து கூடினது. எமன் சங்கதி என்றால் திருக்கடையூரில்தான் கேட்க வேண்டும், எமனையே உதைத்த சாமி இருக்கிற இடம் ஆயிற்றே என்று நாட்டார் அங்கே போய் ஒரு குருக்களைக் கேட்டுவந்தார். செத்தவன் செத்தவன்தான், அதை மாற்ற முடியாது. ஆனால் புதிதாகப் பிறந்துகொள்ளலாம் என்று அவர் சொன்னாராம்.

அப்படியாகத்தான் நான் பிறந்தேன். கிணற்று உறை தெரியுமில்லையா, சுட்ட மண் வளையம், அதை நிமிர்த்தி வைத்து அதற்குள் நுழைந்து வரச் சொன்னார்கள். தோள் மாட்டிக்கொண்டது. ஊர் மருத்துவச்சி என் தலையைப் பிடித்து இழுத்தாள். முக்கால்வாசி ஊரை வெளியே எடுத்தவள், நல்ல பிடி. வெளியே வந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அழுடா" என்றாள்.

"ஏன் ஆத்தா அடிக்கிறே" என்றேன்.

"அழாத பிள்ளை தங்காது" என்று இன்னொன்று வைத்தாள். அழுதேன். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். இடுப்பில் கயிறு கட்டினார்கள். சேலையில் தூளி கட்டி என்னை அதில் போட்டு ஆட்டினார்கள். தூளி அறுந்தது. என்ன பேர் வைக்கலாம் என்று நாட்டார் கேட்க, கூட்டத்தின் பின்னாலிருந்து தையல் சொன்னாள், "பிச்சைக்கண்ணு." பிறந்து பிறந்து சாகிற வீட்டில், சாமி போட்ட பிச்சை இது என்று வைப்பார்களே, அந்தப் பேர். எங்க அப்பன் வைத்த காத்தலிங்கம் அன்றைக்குப் போனது. இன்றைக்கு ரேஷன் கார்டில்கூட நான் பிச்சைக்கண்ணுதான்.

சரி, பிறந்தாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று மாமன் வீட்டு வாசலுக்குப் போகிறேன். நாட்டார் கையை நீட்டித் தடுத்தார். "எங்கடா போறே? காத்தலிங்கம் பொண்டாட்டி வீட்டுல பிச்சைக்கண்ணுக்கு என்ன வேலை?"

அப்போதுதான் நான் சிக்கிக்கொண்டது புரிந்தது. புதிதாகப் பிறந்தவனுக்குப் பெண்டாட்டி ஏது? அவள் காத்தலிங்கம் என்கிறவனுடைய விதவை. எங்களில் அறுத்துக்கட்டுகிற வழக்கம் உண்டு, அவள் இஷ்டப்பட்டால் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். வானகிரிப் பக்கத்தில் சொந்தமாக வள்ளம் வைத்திருந்த ஒருத்தன், பெண்டாட்டியை இழந்தவன், மாசிமாசமே மாமனிடம் ஆள் விட்டுக் கேட்டிருக்கிறானாம். அவள் பதில் சொல்லவில்லையாம். இல்லை என்றும் சொல்லவில்லையாம். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நாட்டார் பக்கம் திரும்பினேன் தம்பி.

"அப்போ பொண்ணு கேக்குறேன். இப்பவே கேக்குறேன். தையலைக் கட்டிக்குடுங்க" என்றேன்.

ஊருக்குச் சந்தோஷம். நாட்டாரும் நல்லது என்றார். "முறைப்படி நடக்கட்டும். நாளைக்குக் காலம்பர மாப்பிள்ளை தண்ணி எடுத்துட்டு வரட்டும்" என்றார்.

எங்க பக்கத்தில் அது ஒரு முறை. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தாய்மாமனோடு கட்டுமரத்தில் போக வேண்டும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி அந்தாண்டை போய், கலங்காத தண்ணீர் ஒரு பானை மொண்டுவர வேண்டும். மணவறையில் அந்தப் பானையை வைத்துத்தான் தாலி. அலையைத் தாண்டத் தெரியாதவன் குடும்பம் நடத்த மாட்டான் என்று கணக்கு. முதல் கல்யாணத்தில் ஒரு மூச்சில் போய்வந்தேன்.

நான் கடலைப் பார்த்தேன். "காத்து சரியில்லையே" என்றேன்.

"காத்தா? ஓலை அசையலியேடா" என்றார் நாட்டார்.

"கல்கத்தாத் தண்ணி வயித்துல என்னமோ பண்ணுது" என்றேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். வேர்த்துக் கொட்டுகிறது, சித்திரை வெயில் இல்லையா. அந்த நேரம் பார்த்துத்தான் இவள் வாயைத் திறந்தாள்.

"இந்தாங்க பெரியப்பா, இன்னைக்குப் பொறந்த பிள்ளைக்கு நான் எப்படிக் கழுத்தை நீட்டுறது? பச்சை மண்ணு. தலைகூட நிக்கலை. கடலுக்கு அனுப்புறாங்களாம். கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

ஊரே விழுந்து விழுந்து சிரிக்கிறது. நாட்டாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு கூட்டம் கலைந்துவிட்டது, என்னைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. என் மானம் அன்றைக்குப் போனது தம்பி. கட்டிக்கொள்ளப் போகிறவனைப் பற்றி நாலு பேர் நடுவில் பேசுகிற பேச்சா அது?

ஒரு தடவையோடு விட்டாளா? அடுத்த வாரம் நாட்டார் தண்ணீர்ப் பேச்சை எடுத்தார். நான் என் வயிற்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவள், "இன்னும் குப்புறவே விழலை, அதுக்குள்ள என்ன" என்றாள். வைகாசியில் கேட்டார். "பல்லு முளைக்கட்டும் பெரியப்பா" என்றாள். மாமனே ஒரு நாள் கட்டுமரத்தை எடுத்துவைத்து, "வாடா, போய் ஒரு பானை மொண்டுட்டு வந்துடுவோம்" என்று கூப்பிட்டார். எங்கிருந்துதான் வருவாளோ, "காது குத்தாத பிள்ளையை எங்கப்பா கூட்டிட்டுப் போறே" என்று வந்து நின்றாள். நான் போனால் பிள்ளைகள் எல்லாம் "பாப்பா, பாப்பா" என்று பின்னால் வரும். கல்யாணம் தள்ளிப்போகிறதே, ஏன் என்று யாராவது கேட்டால், "தையலுக்குத் திமிரு, பழி வாங்குறா" என்பார்கள். ஆமாம், அவள்தான் தள்ளிப்போட்டாள். நான் தயாராகத்தான் இருந்தேன். வயிறு மட்டும் சரியாக வேண்டியிருந்தது.

வானகிரிக்காரன் ஆனி மாசம் மறுபடியும் ஆள் விட்டான். மாமன் அவளைக் கேட்டாராம். "இருங்கப்பா, ஒரு பிள்ளை கையில இருக்கு" என்றாளாம். இது என்ன பதில்? இருக்கிறவனுக்கும் பதில் இல்லை, வருகிறவனுக்கும் பதில் இல்லை.

இதற்கு நடுவில் என்னிடம் வேலை வாங்க ஆரம்பித்தாள். "பிள்ளைக்கு நடை பழக்கணும்" என்பாள் ஊர் கேட்கிற மாதிரி. காலையில் கட்டுமரங்கள் கரை ஏறுகிற நேரத்துக்கு வந்து கூடை தூக்க வேண்டும். முதலில் எல்லாம் அவளே மீனை வாங்கிக்கொண்டு காய்ந்த மணலுக்கு வருவாள், நான் அங்கே நின்று தூக்குவேன். போகப்போகச் சோம்பேறித்தனம். ஈர மணலிலேயே நின்றுகொண்டு, "நீ இங்க வா" என்பாள். போனேன். அப்புறம் அலை வந்து காலை நனைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, "கூடை கனக்குது, இப்படி வா" என்பாள். நான் அப்படியே நிற்பேன். அவளும் அப்படியே நிற்பாள். கூடை கனக்கிறது என்கிறவள் அவ்வளவு நேரம் எப்படி நிற்கிறாள் பாருங்க. கடைசியில் நான்தான் போக வேண்டியிருக்கும், மீன் கெட்டுவிடுமே. கணுக்கால் தண்ணீர். அடுத்த சில நாள் கெண்டைக்கால் வரை. ஒரு கூலி ஆளைக்கூட இப்படித் தண்ணீருக்குள் இழுத்தடிக்க மாட்டார்கள்.

அங்கே நிற்கும்போது ஒரு கேள்வி கேட்பாள். "பிள்ளைக்குப் பேச்சு வந்துச்சா?"

பேச்சுக்கு எனக்கா பஞ்சம். எம்டன் கதையை எடுப்பேன். பீரங்கி, வெள்ளை உடுப்பு, ஆட்டுக்கல், எல்லாம் வரிசையாகச் சொல்வேன். கல்கத்தாவில் இந்தக் கதைக்கு எத்தனை இலை போட்டார்கள். இவள் கேட்டுவிட்டு, "இது ஊருக்குச் சொல்ற கதை. பேச்சு இன்னும் வரலை" என்று கூடையை என் தலையில் ஏற்றிவிட்டுப் போய்விடுவாள். என்ன குறை அந்தக் கதையில், சொல்லுங்க. நீங்களே இப்போது கேட்டீங்களே.

ஆடி மாசம் ஒரு நாள். முழங்கால் தண்ணீரில் நிற்கிறோம், இரண்டு பேருக்கும் நடுவே கூடை. ஒரு அலை வந்து திரும்பும்போது காலுக்கு அடியில் மண்ணை உருவிக்கொண்டு போகுமே, அது போனது. நான் கூடையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பச்சையாக இருந்தது என்று சொன்னேன் போல. மேலே எங்கே பார்த்தாலும் பச்சையாக இருந்தது, வழியே இல்லை, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாயில் தண்ணீர் போகிறது, அப்படி என்னவோ. இப்போதும் ராத்திரியில் வருகிறது, அதனால்தான் ஏணியில் ஏற முடியவில்லை என்றும் சொன்னேனோ என்னவோ. அலைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. மீன் பாதி தண்ணீரோடு போய்விட்டது, அதற்கும் ஒரு திட்டு இல்லை. என் கையை விடவும் இல்லை, அலை மூன்று நாலு வந்து போகிறவரைக்கும் அப்படியே நின்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமனிடம், "அப்பா, பிள்ளைக்குப் பேச்சு வந்துடுச்சு. நாள் பாருங்க" என்றாளாம். நான் வந்த நாளிலிருந்து பேசிக்கொண்டுதானே இருக்கிறேன். பொம்பளை மனசு எப்போது திரும்பும், எதற்குத் திரும்பும் என்று யாருக்குத் தெரியும். வானகிரிக்காரனுக்கும் அன்றைக்கே சேதி போய்விட்டது, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

ஆவணியில் நாள் குறித்தார்கள். விடிந்தும் விடியாததுமாகத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினோம். மாமன் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறார், நான் பானையோடு கூடவே நடக்கிறேன். கல்யாணப் பெண் கடற்கரைக்கு வரக் கூடாது, வீட்டில்தான் இருக்க வேண்டும். இவள் வந்து நிற்கிறாள். இடுப்புத் தண்ணீரில் நிற்கிறாள், எங்களுக்கு முன்னால். நாட்டாரும் மற்றவர்களும் மேலே பந்தல்கிட்டே. அலைச் சாரலில் அவர்களுக்கு இங்கே நடப்பது சரியாகத் தெரியாது.

மாமன் மரத்தில் ஏறிவிட்டார். நான் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். மரம் காலுக்குக் கீழே ஏறி இறங்கினது. நான் போகத்தான் இருந்தேன் தம்பி. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு போகலாம் என்று நின்றேன். அதற்குள் இவளுக்கு அவசரம். பானையை என் கையிலிருந்து வாங்கினாள். அங்கேயே, இடுப்புத் தண்ணீரிலேயே அமுக்கினாள். நிரம்பினதும் என் தலையில் தூக்கி வைத்தாள்.

மாமன் பதறிப்போய், "ஏண்டி, அலைக்கு அந்தாண்ட..." என்று ஆரம்பித்தார். அவள் அப்பனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மரத்தைத் திருப்பினார்.

கரைக்கு வந்தோம். நாட்டார் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணி கலங்கியிருக்கே. அந்தாண்டத் தண்ணிதானே?" என்றார்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள் இவள் சொன்னாள், "அந்தாண்டத் தண்ணிதான். நான் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன். சின்னப் பிள்ளை கை, ஆட்டிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். நாட்டார் மட்டும் சிரிக்கவில்லை. பானையைப் பார்த்தார், என் நனைந்த வேட்டியைப் பார்த்தார், அவளுடைய இடுப்பு வரைக்கும் நனைந்த கூறைப்புடவையைப் பார்த்தார். "கலங்கின தண்ணி தெளியாமலா போயிடும். கொண்டு போய் வை, நேரமாகுது" என்றார். தாலி கட்டினேன். சாமி முன்னால் வைக்கிற பானைக்குப் பொய் சொன்னவள் இவள், இன்றைக்கு வரைக்கும் அதற்கு ஒரு பரிகாரம் பண்ணியதில்லை.

அதற்கப்புறம் நான் கடலுக்குப் போகவே இல்லை. ஏன் என்றால் அவள் விடவில்லை. ஊரில் எல்லாரிடமும், "நான் அனுப்பமாட்டேன். ஒரு தடவை அறுத்தது போதும், யாரு என்ன சொன்னாலும் சரி" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். மாமன் கூப்பிட்டாலும் அவள்தான் முந்திக்கொண்டு கத்துவாள். அப்படி ஒரு வாயாடியை அந்தக் கரையில் பார்த்ததில்லை என்பார்கள். அவளோடு சேர்ந்து கருவாட்டு வியாபாரத்துக்கு வந்துவிட்டேன், பிள்ளைகளை ஆளாக்கினோம். எல்லாரும் இரக்கப்படுவார்கள். "பாவம், கப்பல்ல போன ஆளு, பொண்டாட்டி கரையில கட்டிப் போட்டுட்டா" என்பார்கள். நானும், என்ன பண்றது, விட மாட்டேங்கிறா என்பேன்.

ஒரு நாள் எனக்கே மனசு கேட்கவில்லை. "ஏன் தையலு, உன்னைத்தானே ஊர் ராட்சசிங்குது. உனக்குக் கெட்ட பேருதானே" என்று கேட்டேன்.

"பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. மீன் கெடாம இருந்தாச் சரி. கூடையைத் தூக்கு" என்றாள்.

அவளுக்கு வியாபாரம்தான் பெரிசு. தூக்கினேன், நடந்தோம். சந்தைக்குக் கடற்கரை ஓரமாகத்தான் போக வேண்டும், நாற்பது வருஷமாகப் போகிறோம். நான் காய்ந்த மணலில் நடப்பேன், அவள் எப்போதும் கடல் பக்கமாகத்தான் நடப்பாள், சேலை நனைய நனைய. ஏன் என்று நான் கேட்டதில்லை. பொம்பளைகளுக்குக் காற்று வேண்டியிருக்கும் போல.